அவர் ஏன் ஏசினார்?

நான் மட்டக்களப்பில் தாதியர் பயிற்சி பெறும் மாணவி. சட்டென்று மனம் நொந்துபோகிற சுபாவம் எனக்கு.

சென்ற வருடம் எங்கள் ஆஸ்பத்திரி வாட்டில், சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக்காகப் பனிச்சங்கேணி மீனவர் ஒருவர் தங்கியிருந்தார். மிகவும் சாதுவான மனிதர். ஒருநாள் இன்சுலின் போட்டபிறகும் அவர் காலைச் சாப்பாட்டைத் தொடவில்லை.

"சாப்பிடுங்க ஐயா" என்றேன்.

"போ அங்கால! உன்ட மூஞ்சியப் பாக்க ஏலாது!" என்று கத்தித் தட்டைத் தள்ளிவிட்டார். வாட்டே திரும்பிப் பார்த்தது. நான் வெளியே ஓடிவந்து அழுதேன்.

கூடப் படிக்கும் காத்தான்குடி நஸ்ரின் பின்னாலேயே வந்து விசாரித்தாள்.

"அந்த மனிசன் ஒருநாளும் ஏசமாட்டாரே புள்ள. அவருக்கு வேர்த்திருந்திச்சா?"

எனக்குத் தெரியவில்லை. அழுகிற அவசரத்தில் நான் அவரைச் சரியாகப் பார்க்கவேயில்லை.

இருவரும் அவரிடம் ஓடினோம். அவரது சேட்டு வேர்வையில் நனைந்திருந்தது, கைகள் நடுங்கின. பொறுப்புத் தாதி வந்து சோதித்தபோது சீனி ஆபத்தான அளவுக்கு இறங்கியிருந்தது. உடனே குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார். சற்று நேரத்தில் அவர் தெளிந்து, "ஏன் எல்லாரும் என்னச் சுத்தி நிக்கிறீங்க?" என்று கேட்டார். ஏசியது அவருக்கு நினைவேயில்லை. சீனி இறங்கினால் மூளை தடுமாறி இப்படிக் கோபம் வருமென்று பொறுப்புத் தாதி சொன்னார்.

இப்போதும் நோயாளி யாராவது ஏசினால் எனக்கு வலிக்கத்தான் செய்கிறது. ஆனாலும் விலகிப் போகாமல், முதலில் அவர்களின் கை வேர்த்திருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறேன். அழுகை வந்தால், வேலை முடிந்தபின் நஸ்ரினிடம் போய் ஆறுதலாக அழுதுகொள்கிறேன்.