டயரிக்குள் ஒரு புல் தாள்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பழைய டயரி ஒன்றைத் திறந்தபோது காய்ந்த கினிப்புல் தாள் ஒன்று மடியில் விழுந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன், தை மாதத்து இரண்டாம் வெள்ளிக்கிழமைப் பக்கத்தில் நானே வைத்தது. பக்கத்தில் என் கையெழுத்து: "பூக்குமுன் வெட்டிய புல். நன்றாகக் காய்ந்திருக்கிறது. மாடு விரும்பித் தின்கிறது."

அப்போது ஓப்பநாயக்க என்ற ஊருக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிளாக்கர். தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த ஒருவரை அண்ணன் என்றே அழைப்பேன். அவரிடம் இருந்தது ஒரே பசு, சினைப்பசு. வெயில் மாதங்களில் சரிவுகள் கருகிவிடும். காய்ந்த புல் சேர்த்து வைக்காவிட்டால் கன்று போடுமுன்பே பசுவை விற்றுவிட வேண்டியதுதான். முந்தைய ஆண்டு அப்படித்தான் ஒன்றை விற்றிருந்தார்.

பூத்துவிட்டால் தண்டு முற்றிச் சத்துக் குறையும் என்று படித்திருந்தேன். மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பூக்காத இளம்புல்லை வெட்டச் சொன்னேன். அண்ணன் ஒரு பிடியை, வாட்டிய கொழுந்தைச் சோதிப்பதுபோல, உள்ளங்கையில் இறுக்கிப் பார்த்தார்.

"தண்ணி ஜாஸ்திங்க ஐயா. மாடியில காத்தாடி இருக்கு, வாட்டிரலாம். இங்க வெயில நம்பி எப்புடிங்க?"

"ஐயா பொஸ்தகத்துல பாத்துச் சொல்றாரு, வெட்டுங்க. மாடும் படிச்சிருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர் மனைவி. மூவரும் சிரித்தோம். அண்ணன் வெட்டினார். மறுநாள் நான் விடுமுறையில் புளத்கொகுபிட்டியவில் உள்ள தங்கை வீட்டுக்குப் போய்விட்டேன். தை மாதம் திரும்பி வந்தபோது கொட்டில் நிறையக் காய்ந்த புல் இருந்தது; அதில் ஒரு தாளை எடுத்து டயரிக்குள் வைத்தேன். பசு கோடையைத் தாண்டியது, கன்றும் போட்டது. "கன்று நலம்" என்று எழுதினேன். எத்தனையோ பேரிடம் இதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன்.

போன மாதம் ஓப்பநாயக்கச் சந்தையில் அண்ணனின் மனைவியைக் கண்டேன். அண்ணன் இறந்தபின் அவர் தனியாகத்தான் இருக்கிறார். பேச்சு பசுவுக்கு வந்தது.

"நீங்க வெட்டச் சொன்னது மழையில பூஞ்சணம் புடிச்சிருச்சிங்க. அத பள்ளத்துல கொட்டிட்டு, மிச்சம் நின்னத பூத்த பொறகு வெட்டிக் காய வச்சாரு. ஐயா மனசு நோகும், சொல்லாதன்னுட்டாரு. கன்னு எலும்புந்தோலுமா வந்திச்சி. ஆனா வந்திச்சி."

அன்றிலிருந்து குழம்பிக் கிடக்கிறேன். இளம்புல் நல்லது என்பது பொய்யில்லை, கன்றின் மெலிவே அதற்குச் சாட்சி. ஆனால் முற்றிய புல் அல்லவா பசுவை நிற்க வைத்தது? நான் தவறிய நாள் எது? செவ்வாயா, மழை வந்த நாளா? அது எந்த நாள் என்றுகூட டயரியில் இல்லை. அந்தக் கன்றை இரண்டு கண்ணாலும் பார்த்துத்தானே "நலம்" என்று எழுதினேன்?

மடியில் விழுந்த தாளை வெளிச்சத்தில் பிடித்தேன். நுனியில் பூங்கதிர் விரிந்து நிற்கிறது. பூக்குமுன் வெட்டிய புல் என்று எழுதிய அதே கையால்தான் அதை உள்ளே வைத்து மூடியிருக்கிறேன்.