கை கழுவியதாகச் சொன்னார்

எங்கள் தாதியியல் பட்டப்படிப்பின் செயன்முறைப் பரீட்சைக்கு ஒரு புள்ளித்தாள் உண்டு. அதில் ஒரு வரி இப்படி இருக்கும்: "கை கழுவினார், அல்லது கழுவியதாகச் சொன்னார்: இரண்டு புள்ளி." தாள் ஆங்கிலத்தில்தான், நான் தமிழில் சொல்கிறேன். இந்த அதிசயமான வரியை எழுதியவர் எங்கள் தரக்குழுத் தலைவர். அவர் எழுதும்போது நானும் அந்தக் கூட்டத்தில் இருந்தேன். ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தேன், மறுத்து ஒரு சொல் சொல்லவில்லை.

அந்த வரி பிறந்த கதை கேவலமானது. எங்கள் பயிற்சிக்கூடம் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வாவி. உள்ளே கை கழுவும் பேசினில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது. மோட்டர் அவ்வளவு உயரத்துக்குத் தள்ளாது, புதுக்குழாய் போட வேண்டும் என்றார் பைப் வேலைக்கு வந்தவர். கடிதம் எழுதினோம். கடிதம் ஒரு கையொப்பத்துக்காகத் திரும்பி வந்தது, பிறகு ஒரு விலைமனுவுக்காகத் திரும்பி வந்தது, பிறகு திரும்பியே வரவில்லை. குழாயை மாற்றுவதைவிடத் தாளை மாற்றுவது சுலபம் என்று அப்போதுதான் தலைவருக்கு உதித்தது.

தலைவர் வெளிநாட்டில் படித்து வந்தவர். ஒரு நோயாளிக்குக் கடைசியாக எப்போது மருந்து கட்டினார் என்று கேட்டால் அவருக்கே நினைவிராது. ஆனால் கற்றல் பேறுகள் எல்லாம் அவருக்கு மனப்பாடம். கற்றல் பேறு என்பது, படித்து முடிக்கும் பிள்ளைக்கு என்னென்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. கெட்ட யோசனை இல்லை. விரிவுரையாளராக வருவதற்கு முன் நான் பல வருடம் வார்டில் நின்றவள். புதிதாக வரும் பிள்ளைகளிடம் நானும் அதைத்தான் எதிர்பார்த்தேன், எழுதிவைக்காமல் எதிர்பார்த்தேன். இவர்கள் அதை எக்செல் தாளில் ஏற்றினார்கள். ஒவ்வொரு பேறுக்கும் ஒரு கட்டம். அடைந்தால் பச்சை, அடையாவிட்டால் சிவப்பு. தொற்றுத் தடுப்பு என்ற கட்டம் எங்களிடம் எப்போதும் பச்சைதான். கழுவியதாகச் சொல்வதற்கு எவருக்குத்தான் தெரியாது?

அந்த வருடப் பரீட்சையில் எனக்குக் காயத்துக்கு மருந்து கட்டும் மேசை தந்தார்கள். கட்டிலில் ஒரு பிளாஸ்டிக் பொம்மை, அதன் காலில் ஒட்டிவைத்த ரப்பர்க் காயம். ஒரு பிள்ளைக்கு எட்டு நிமிடம். மணி அடித்தால் உள்ளே வர வேண்டும், அடுத்த மணிக்கு வெளியே போய்விட வேண்டும். பரீட்சகர் வாயே திறக்கக்கூடாது. காலையிலிருந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்தார்கள். காய்ந்த பேசினுக்கு முன்னால் நின்று வெறுங்கையைக் காற்றில் தேய்த்தார்கள். "ஐ ஹேவ் வோஷ்ட் மை ஹேண்ட்ஸ்" என்று பொம்மைக்கு அறிவித்தார்கள். கொஞ்ச நேரத்தில் நான் தலை நிமிர்ந்து பார்ப்பதையும் விட்டுவிட்டேன். சத்தம் கேட்டால் இரண்டு புள்ளி.

பிறகு அவள் வந்தாள். கதிரவெளி என்ற கடற்கரை ஊர்ப் பிள்ளை, தகப்பன் கடலுக்குப் போகிறவர். வார்டில் என்னிடம் பயின்றவள், சத்தம் போடாமல் வேலை செய்கிறவள். பேசினுக்கு முன்னால் நின்று பைப்பைத் திருகினாள். திருகிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"மிஸ், தண்ணி இல்ல. கீழ போய்க் கழுவிற்று வரட்டா?"

நான் பேசக்கூடாது. பேசவில்லை. அவள் பொம்மையின் காயத்தைப் பார்த்தாள், மணிக்கூட்டைப் பார்த்தாள், ஓடினாள். இரண்டு மாடி இறங்கி, முற்றத்துப் பைப்பில் கழுவி, திரும்ப இரண்டு மாடி ஏறி வந்தாள். ஈரக்கை எதிலும் படாமல் தோளால் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தாள். முழங்கையில் தண்ணீர் சொட்டியது. அன்றைக்கு அந்த அறைக்குள் வந்த தண்ணீர் அது மட்டும்தான். கையுறை போட்டாள், காயத்தைத் துடைத்தாள், மூடுவதற்குத் துணியை எடுக்கும்போது மணி அடித்துவிட்டது.

காயத்தைத் திறந்தபடி விட்டால் அந்த மேசையில் தோல்வி. அந்த மேசையில் தோற்றால் பரீட்சையே தோல்வி. கூடப் படித்தவர்கள் நியமனம் பெற்றுப் போக, இவள் ஒரு வருடம் காத்திருந்து கீழ் வகுப்போடு திரும்பச் செய்ய வேண்டும். வீட்டில் இவளுடைய சம்பளத்தை எதிர்பார்த்து இருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியும். பரீட்சை முடிந்ததும் நடைபாதையில் பிடித்துக்கொண்டேன். எனக்கு வந்த கோபம் அவள் மேல் என்றுதான் அப்போது நினைத்தேன்.

"ஏன் பிள்ள, மத்த ஆக்கள் சொல்றமாதிரி நீயும் சொல்லிற்றுப் போயிருக்கலாம்தானே?"

"சொல்லத் தெரியும் மிஸ். நீங்கதானே வார்டில சொன்னீங்க, கழுவாமக் காயத்தில கை வைச்சா விரல முறிப்பன் எண்டு. மறுகா, நீங்களே முன்னுக்கு இருக்கிறீங்க. எப்பிடி மிஸ் சொல்ற?"

"போ, போய்ச் சாப்பிடு" என்றேன்.

அடுத்த கிழமை வார்டில் இன்னொன்று நடந்தது. என் மேசையில் அதிகப் புள்ளி எடுத்த பிள்ளை ஒருத்தி, சீனி வருத்தத்தால் கால் புண்ணாகிக் கிடந்த ஓட்டமாவடிக் கடை முதலாளி ஒருவருக்கு மருந்து கட்டப் போனாள். அங்கே பேசின் உண்டு, தண்ணீர் உண்டு, பைப் சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. அவள் அதற்கு முன்னால் நின்று கையைக் காற்றில் தேய்த்தாள். பிறகு கட்டிலுக்குத் திரும்பி அந்த ஆங்கில வசனத்தைச் சொன்னாள். முதலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன மகள், புண்ணில ஓதி ஊதப் போறீங்களா?"

பக்கத்துக் கட்டில்காரர்கள் சிரித்தார்கள். நான் அவளைப் பேசினுக்கு இழுத்துக்கொண்டு போனேன். "கழுவினியா?" என்று கேட்டேன். "சொன்னன்தானே மிஸ்" என்றாள். திமிர் இல்லை, நடிப்பு இல்லை, உண்மையாகவே குழம்பிப் போய் நின்றாள். நாங்கள் படிப்பித்ததை அவள் ஒழுங்காகப் படித்திருந்தாள். அவ்வளவுதான் அவள் செய்த பிழை.

இந்த இரண்டையும் பரீட்சைச் சபையில் சொன்னேன். சபை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, குளிரூட்டிய அறையில் ஏழெட்டுப் பேர். தலைவர் பொறுமையாகக் கேட்டார். அவர் எதையும் பொறுமையாகக் கேட்பார், கேட்டு முடித்ததும் எதுவும் நடந்திராது.

"அது வார்ட் மிஸ், இது பரீட்சை. ரெண்டையும் கலக்க ஏலாது" என்றார். பிறகு திரையில் அந்தக் கதிரவெளிப் பிள்ளையின் வரிசையைக் காட்டினார். "கிறுகித் திரையப் பாருங்க. தொற்றுத் தடுப்பு இவவுக்குப் பச்சைதான். நேர முகாமைத்துவம்தான் சிவப்பு. நாங்க ஒரு அநியாயமும் செய்யல்ல."

கொழும்பிலிருந்து எங்கள் பட்டப்படிப்பைத் தரம் பார்க்கும் மதிப்பீட்டுக் குழு வர இரண்டு கிழமை இருந்தது. ஒரு பிள்ளையின் புள்ளியை மாற்றினால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் பைப்பில் தண்ணீர் வராததை எழுத வேண்டும். அதை எழுத அந்த அறையில் ஒருவருக்கும் முதுகெலும்பு இல்லை. என் பதவியுயர்வு விண்ணப்பம் தலைவருடைய மேசையில் கிடந்தது. அவள் தோற்றதாகக் காட்டிய பெறுபேற்றுத் தாள் கையொப்பத்துக்காகச் சுற்றி வந்தபோது நானும் போட்டேன். மற்றவர்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறவள் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

குழு வந்தது. அன்றைக்கு மட்டும் பேசினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, பைப் வைத்த ஒரு வாளியில் தண்ணீரும் புதுச் சவுக்காரமும் வைத்திருந்தார்கள். குழுவினர் பச்சைக் கட்டங்களைப் பார்த்துப் பாராட்டினார்கள், வாவியைப் பின்னால் வைத்துப் படம் எடுத்தார்கள். பின்னேரம் வாளியைக் காணவில்லை. ஒரு வாளித் தண்ணீர்தான் தேவைப்பட்டிருந்தது. இத்தனை படித்தவர்களில் ஒருவருக்கும் அது முதலே உதிக்கவில்லை, எனக்கும் உதிக்கவில்லை.

அடுத்த வருடம் அதே மேசையை நானே கேட்டு வாங்கினேன். வீட்டிலிருந்து அதேபோல ஒரு வாளியைக் கொண்டுபோய், முற்றத்தில் நிரப்பி, இரண்டு மாடியும் மூச்சு வாங்கத் தூக்கி ஏறினேன். பேசினுக்குப் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும்படி வைத்தேன், சவுக்காரமும் வைத்தேன். வந்தவர்களில் நாலைந்து பேர் கழுவினார்கள். மற்றவர்கள் பழகியபடி காற்றில் தேய்த்துவிட்டுப் போனார்கள். என் கண் கதவிலேயே இருந்தது.

பதினொரு மணியளவில் அவள் வந்தாள். மெலிந்திருந்தாள். நேரே பேசினுக்குப் போனாள். வாளியைக் கண்டாள், கண்டதை நான் கண்டேன். பிறகு மணிக்கூட்டைப் பார்த்தாள். வெறுங்கையை ஒன்றோடொன்று தேய்த்து, என் பக்கம் திரும்பாமலே, தெளிவான ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொன்னாள். கையுறை போட்டாள். காயத்தைத் துடைத்து, துணி வைத்து, ஒட்டி முடித்தாள். ஒரு பிழையும் இல்லை. மணி அடிக்க இன்னும் மூன்று நிமிடம் இருந்தது. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பொம்மையைப் பார்த்தபடி நின்றாள்.

நான் எல்லாக் கட்டத்திலும் சரி போட்டேன். மணி அடித்ததும் கதவுவரை போனவள் நின்றாள்.

"பாஸ்தானே மிஸ்?"

"ஓம், பாஸ்" என்றேன். பரீட்சகர் பேசக்கூடாது என்பது அப்போது எனக்கு நினைவுக்கு வரவில்லை.