என் டபுள்ஸ் பார்ட்னர் எஸ்தர்

எஸ்தர் இறந்துவிட்டாள்.

காலையில் சின்னசேலத்திலிருந்து அவள் தம்பி போன் செய்தார். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்க..."

உங்களில் பலருக்கு அவளைத் தெரிந்திருக்காது. நம் கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடிய முதல் பெண். அதற்கு முன்னால் என் டபுள்ஸ் பார்ட்னர்.

மூங்கில்துறைப்பட்டில் அவள் அப்பா கரும்பு டிராக்டர் ஓட்டினார். அவள் கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள், நாங்கள் ஒரே வகுப்பு. ஊரில் அப்போது ஒரு கிளப்பில் மட்டும்தான் டென்னிஸ் கோர்ட், அதுவும் ஆண்களுக்கு.

எஸ்தர் நேராகக் கிளப் செக்ரட்டரியிடம் போனாள். நான் அவள் முதுகுக்குப் பின்னால்.

"காலைல ஆறு மணிக்கு கோர்ட் சும்மாதான் சார் கெடக்குது. நாங்க ஆடிட்டு எட்டுக்குள்ள போயிடுறோம்ங்க."

"பொம்பளப் புள்ளைங்க இப்படி ஓடிக்கினு இருந்தா பாக்குறவங்க இன்னா சொல்வாங்க?"

"ஆறு மணிக்கு யாரு சார் பாக்க வரப் போறாங்க?"

அவர் வாட்ச்மேனைக் கூப்பிட்டு, காலையில் கேட்டைத் திறந்துவிடச் சொன்னார். மறுநாளே ஆடினோம்... பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு.

முதல் டோர்னமெண்டில் பெண்கள் உடை மாற்ற இடமே இல்லை. புங்க மரத்தடியில் நான் தாவணியை விரித்துப் பிடிக்க, அதன் மறைவில் எஸ்தர் மாற்றிக்கொண்டாள்.

அன்று ஜெயித்தோம். கோப்பையை வாங்கிய கையோடு, "பொண்ணுங்களுக்கு ஒரு ரூம் கட்டிக் குடுங்க சார்" என்று மைக்கிலேயே கேட்டுவிட்டாள். அடுத்த வருஷம் கட்டினார்கள். இன்றும் அந்த ரூம் இருக்கிறது.

பிறகு டெல்லியில் நேஷனல்ஸ். டபுள்ஸுக்கு எங்கள் இரண்டு பேரையும் எடுத்திருந்தார்கள். அந்த நேரத்தில்தான் எனக்குக் கல்யாணம் நிச்சயமானது.

எஸ்தர் எங்கள் வீட்டுக்கே வந்து என் அப்பாவிடம் பேசினாள். "ஒரு வாரந்தாங்க. நானே கூட்டிக்கினு வந்து வுட்டுடுறேன்."

அப்பா என்னைப் பார்த்தார். "நீயே சொல்லும்மா."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

வீட்டில் தடுத்துவிட்டார்கள் என்றுதான் இத்தனை வருஷமும் எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. எனக்குத்தான் பயம்...

முன்பின் தெரியாத ஒரு பெண்ணோடு ஜோடி சேர்ந்து ஆடி, எஸ்தர் முதல் ரவுண்டிலேயே தோற்றாள். அதற்குப் பிறகு சிங்கிள்ஸ் மட்டும்தான். நேஷனல் சாம்பியன் ஆனாள், வெளிநாடு போனாள். போன ஊரிலிருந்தெல்லாம் எனக்கு ஒரு கார்டு வரும். ஒன்றில்கூட டெல்லியைப் பற்றி ஒரு வரி இல்லை.

போன மாதம், உடம்பு முடியாமல் இருந்தவளைப் பார்க்கப் போயிருந்தபோதுதான் கேட்டேன். "அன்னைக்கு நான் வரலையே... கோவமா இருந்தியாடி?"

"ஆமா. ரொம்ப நாளு."

கட்டிலில் படுத்தபடியே என் பக்கம் திரும்பினாள்.

"சிங்கிள்ஸ் ஆடறப்ப தலைக்கு மேல போற பந்த அப்படியே வுட்டுடுவேன். பின்னால நீ நிக்கிறன்னு நெனப்பு. அது போறதுக்கே ரெண்டு வருஷம் ஆச்சுடி."

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

இன்று நாலு மணிக்கு மூங்கில்துறைப்பட்டில் அடக்கம். பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். சங்கராபுரம் தாண்டிவிட்டது, இடது பக்கம் மலை தெரிகிறது.

போய் வா எஸ்தர்.