அமெரிக்காவில் பிறந்த மொக்கன்

நான் ஒரு மொக்கன், அதாவது மண்டையில் ஒன்றுமில்லாதவன், என்ற செய்தி பத்து வயதில் எனக்குத் தொலைபேசி வழியாகக் கிடைத்தது. அழைப்பு எனக்கு வந்ததல்ல. அம்மா கூடத்தில் நின்று சோதிடருடன் பேசிக்கொண்டிருந்தார். நான் மாடிப்படியில் உட்கார்ந்து, கேட்காதவன் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நல்ல பள்ளிக்கூடங்களில் சேருவதற்கு லண்டனில் சின்னப் பிள்ளைகளுக்கென்றே ஒரு பரீட்சை வைத்திருக்கிறார்கள். பிள்ளை பாஸ் பண்ணினால் பெற்றோர் கலியாண வீடுகளில் முன்வரிசையில் உட்காருவார்கள். பெயிலானால் மொய்க் கவரை யாரிடமாவது கொடுத்தனுப்பிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அந்த வருடம் என் முறை. டியூஷனுக்கு அனுப்பினார்கள். ஞாபகசக்திக்கு நல்லதென்று வாரத்தில் பாதி நாள் வல்லாரைச் சம்பல் தந்தார்கள். மிச்சம் இருந்தது கிரகங்கள்தான். அவற்றை மட்டும் ஏன் விட்டுவைக்கவேண்டும் என்று அம்மா சோதிடரைப் பிடித்தார்.

"ஓம் ஐயா, பூரட்டாதி. நேரம் விடியப்புறம். பிறந்த இடமோ?" அம்மா, அப்பா இருந்த அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அமெரிக்கா."

நான் மாடிப்படிக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டேன். அதுவரை நான் யாழ்ப்பாணத்தில் பிறந்ததாகவே நம்பியிருந்தேன். யாரும் அப்படிச் சொன்னதில்லை. மனிதர் வேறெங்கும் பிறக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

இதற்குப் போய் ஏன் இந்த நடுக்கம் என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டுக்கு யார் வந்தாலும் தேத்தண்ணிக்கு முன்னரே அப்பா கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தம்பி எந்த ஊர்?" வந்தவர் ஊரைச் சொன்னதும் அவருடைய குணம், கைராசி, சாப்பாட்டு ருசி, பிடிவாதம் எல்லாம் அப்பாவுக்குத் தெரிந்துவிடும். ஒரு ஊரில் பிறந்தவர்கள் கணக்கில் புலி. இன்னொரு ஊரார் வேலிச் சண்டைக்கு வழக்குப் போடாமல் நித்திரை கொள்ளமாட்டார்கள். ஊரை விட்டு வந்து எத்தனை வருடமானாலும் பிறந்த மண் ஆளை விடாது. எங்கள் வீட்டில் அது சட்டம்.

அப்பாவின் கணக்கில் மிகவும் கடைசியில் நின்ற ஊர் அமெரிக்கா.

அவருக்கு ஹீத்ரோ விமான நிலையத்தில் வேலை. பயணிகள் விட்டுப்போகும் ட்ரொலிகளைச் சேர்த்துக் கொண்டுவந்து நிறுத்தவேண்டும். ஷிப்ட் முடிந்து வரும்போது அன்றைக்கு ஓர் அமெரிக்கனையாவது கதையில் பிடித்துக்கொண்டு வருவார். "கைபிடியை அமத்தினால்தானே ட்ரொலி போகும்? இவன் அமத்தாமல் கண்டுக்குட்டியை இழுக்கிறமாதிரி இழுத்துக்கொண்டு போறான். சில்லு கத்துது. இவனும் கத்துறான்." இன்னொரு நாள், "நான் இலங்கை எண்டன். அது லண்டனுக்குள்ளையோ வெளியிலயோ எண்டு கேக்கிறான்." கதையின் முடிவு மட்டும் மாறாது. "அமெரிக்கன் எண்டால் மொக்கன்தான். நெஞ்சு இவ்வளவு, மூளை இவ்வளவு." மூளைக்கு அவர் காட்டும் அளவு உளுத்தம்பருப்பைத் தாண்டியதில்லை. எல்லோரிலும் அதிகமாக நான்தான் சிரிப்பேன்.

இனி அந்த உளுத்தம்பருப்பு என்னுடையது.

அன்று முதல் நோய்க்குறிகளைத் தேடத் தொடங்கினேன். தேடினால் கிடைக்காத நோய் எது? எனக்கு பீனட் பட்டர் பிடிக்கும். சப்பாத்தைக் கால் மாறிப் போட்டிருக்கிறேன். டியூஷன் மாஸ்டர் கேட்ட ரயில் கணக்கில் இரண்டு ரயில்களையும் ஒரே தண்டவாளத்தில் விட்டு மோதவைத்திருக்கிறேன். அமெரிக்கனைத் தவிர வேறு யார் இதைச் செய்வான்? பீனட் பட்டரை அன்றே நிறுத்தினேன். வல்லாரைச் சம்பலை இரண்டாம் தரம் கேட்டு வாங்கினேன். கிரகங்கள் வேலைசெய்யத் தொடங்கிவிட்டன, சோதிடர் கெட்டிக்காரர் என்று அம்மா பூரித்துப்போனார்.

பயம் பொறுக்கமுடியாமல் மாமாவிடம் போனேன். அம்மாவின் தம்பி. எங்கள் தெருமுனைப் பெற்றோல் ஸ்டேஷனில் கவுண்டரில் இருந்தார். எதையும் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்வார். அவர் சொல்வது பகிடியா உண்மையா என்று அம்மாவுக்கே தெரியாது.

"மாமா, நான் அமெரிக்காவிலயோ பிறந்தனான்?"

"ஓம் மருமோன். உன்ரை அப்பர் அங்க பெரிய படிப்புப் படிக்கப் போனவர். இவங்கள் எனக்கென்ன படிப்பிக்கிறது, ஒண்டும் தெரியாத மொக்கங்கள் எண்டு பாதியிலை தூக்கி எறிஞ்சுபோட்டு வந்தவர். நீ அப்ப தவழுற பிள்ளை."

"அப்ப நானும் மொக்கனோ?"

மாமா யோசித்தார். அந்த யோசனையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. "தவழேக்கையே வந்திட்டாய். அப்ப முழுசா இராது. ஒரு காவாசி இருக்கும். எதுக்கும் பாப்பம். யாழ்ப்பாணம் எந்தப் பக்கம்? கையைக் காட்டு."

நான் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பக்கம் காட்டினேன்.

"அது கார் கழுவுற இடம்," என்றார் மாமா. "அதையும் தாண்டிப் போனால் அயர்லாந்து."

அந்த நேரம் காசு கட்ட வந்த தமிழர் ஒருவர், "என்ன அண்ணை பிரச்சினை?" என்றார். சொன்னதும் தானும் கையை நீட்டினார், வேறொரு பக்கம். "உது நோர்வே!" என்றார் மாமா. "நோர்வே உங்களுக்குப் பின்னால அண்ணை!" என்றார் அவர். யாழ்ப்பாணத்தை ஆளுக்கொரு திசையில் வைத்துக்கொண்டு இருவரும் கட்டிப் புரளாத குறையாக வாதாடினார்கள். பின்னால் வரிசை நீண்டது.

இதைப் பார்த்தாவது எனக்கு ஆறுதல் வந்திருக்கவேண்டும். வரவில்லை. அவர்கள் யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள். அவர்கள் பிழை விட்டால் அது மறதி. நான் விட்டால் அது பிறப்பு.

பரீட்சை நாளன்று அப்பா லீவு போட்டுவிட்டுக் காரில் கூட்டிப்போனார். நல்ல மழை. அம்மா நெற்றியில் பூசிவிட்ட திருநீறு மூக்கில் கொட்டியிருந்தது. பள்ளிக்கூட வாசலில் பிள்ளைகள் குடைகளுக்குள் நடந்து போனார்கள். ஒவ்வொருவனும் கணக்கில் புலியான ஏதோ ஓர் ஊரில் பிறந்தவனாகவே எனக்குத் தெரிந்தான்.

"இறங்கு ராசா, நேரமாச்சு."

"நான் எழுதேல்லை அப்பா."

"ஏன்? வயித்துக்குள்ள ஏதும் செய்யுதோ?"

"எழுதினாலும் பெயில்தான். நான் அமெரிக்காவில பிறந்தனான்." அதற்குமேல் அழுகைதான் வந்தது. மூக்கிலிருந்த திருநீறும் சேர்ந்து கரைந்தது. "அமெரிக்கன் எண்டால் மொக்கன் எண்டு நீங்கள்தானே சொல்றனீங்கள்."

அப்பா சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்தினார். வைப்பரும் நின்றது. கண்ணாடி முழுக்கத் தண்ணீர் வழிந்து, பள்ளிக்கூடம், குடைகள், பிள்ளைகள் எல்லாம் மறைந்துபோயின. காருக்குள் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"ஆர் உனக்குச் சொன்னது அங்க பிறந்ததெண்டு?"

"அம்மா. சோதிடருக்கு."

அப்பா என் பக்கம் திரும்பினார். "தம்பி, அங்க என்ரை வகுப்பில முழுக்க அமெரிக்கப் பெடியள். ஒருத்தனும் மொக்கில்லை. பாடம் எனக்குத்தான் விளங்கேல்லை. முதல்தரம் பெயில். இன்னொருக்கா எழுதினன், அதுவும் பெயில். நான் விட்டிட்டு வரேல்லையடா. போகச் சொல்லிப்போட்டாங்கள்."

"மாமா சொன்னவர் நீங்கள் தூக்கி எறிஞ்சுபோட்டு..."

"மாமாவுக்கு நான் சொன்ன கதை அது. கொம்மாவுக்கும் அதுதான்."

எனக்கு அதெல்லாம் முக்கியமாகப் படவில்லை. எனக்கு வேண்டியது ஒன்றுதான். "அப்ப அமெரிக்கன் கெட்டிக்காரனோ?"

"கெட்டிக்காரனும் இருக்கிறான், மொக்கனும் இருக்கிறான். எங்கடை ஆக்கள் மாதிரித்தான்."

பிந்திய பாதி என் காதில் ஏறவேயில்லை. ஒரு வகுப்பு முழுக்க அமெரிக்கர்கள். ஒருவன்கூட மொக்கனில்லை. எங்கள் வீட்டுச் சட்டப்படி பிறந்த மண் ஆளை விடாது. அப்படியானால் நான் பிறவிக் கெட்டிக்காரன்! அழுகை அந்த இடத்திலேயே நின்றது. கதவைத் திறந்துகொண்டு மழைக்குள் ஓடினேன். "குடை, குடை!" என்று அப்பா கத்தியது கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பரீட்சை மண்டபத்தில் பேனாவை எடுத்தபோது என் நெஞ்சு ஓர் அமெரிக்கனுடைய அளவுக்கு இருந்தது.

பாஸ் பண்ணினேன். கடைசி இடங்களில் ஒன்றுதான், ஆனால் கலியாண வீட்டில் யாரும் இடத்தைக் கேட்பதில்லை. அம்மா சோதிடருக்கு வேட்டி எடுத்து அனுப்பினார். பெருமை வல்லாரைக்கா கிரகங்களுக்கா என்று வீட்டில் வாக்குவாதம் நடந்தது. உண்மையான காரணம் எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரியும் என்று நினைத்து நான் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன்.

முடிவு வந்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா ஆட்டிறைச்சி வாங்கிக்கொண்டு வந்தார். சாப்பாட்டுக்குப் பிறகு வழக்கம்போல, "அத்தான், இந்தக் கிழமை உங்கடை அமெரிக்கனுக்கு என்ன நடந்தது?" என்று தூண்டிவிட்டார். அம்மா கோப்பைகளை அடுக்குவதை நிறுத்திவிட்டுக் கதை கேட்க உட்கார்ந்தார்.

அப்பா வாயைத் திறந்தார். மேசைக்கு மறுபக்கத்திலிருந்த என்னை ஒரு கணம் பார்த்தார். அதற்குப் பிறகுதான் கதை தொடங்கியது.

அதன்பின் அவர் சொன்ன ஒவ்வொரு அமெரிக்கக் கதைக்கு முன்னாலும் அந்தப் பார்வை இருந்தது. மாமா இருந்தாலும், அம்மா மட்டும் இருந்தாலும், முன்பின் தெரியாத விருந்தாளிகள் வந்தாலும், முதலில் என் பக்கம் ஒருமுறை பார்ப்பார். நான் வளர்ந்து, எனக்கு மீசை முளைத்த பிறகும் பார்த்தார். பெரிய பகிடி ஒன்று வருகிறது, தயாராக இரு என்று எனக்குச் சைகை காட்டுகிறார் என்றே நான் எடுத்துக்கொண்டேன். அவர் கதையைத் தொடங்க முதலே, மற்ற எல்லோருக்கும் முன்னால், சத்தமாகச் சிரிப்பேன். அதுவரை இறுகியிருந்த அப்பாவின் தோள்கள் மெல்லத் தளரும். அதுவும் அந்தப் பகிடியின் ஒரு பகுதி என்றுதான் நினைத்தேன்.