புர்மாகான் அக்காவின் உறவுப் பதிவேடு

எங்கள் மலைப் பள்ளத்தாக்கு ஊரான ஜில்திஸ்-சாயில் கல்யாணமோ கருமாதியோ எது நடந்தாலும், வீட்டுக்காரர் முல்லாவைத் தேடிப் போவதற்கு முன்னால் புர்மாகான் அக்காவைத் தேடித்தான் ஓடுவார். முந்நூறு கிண்ணம், ஆறு பெரிய அண்டா, தேநீர் கொதிக்கவைக்கும் நான்கு சமோவார், இரண்டு கூடாரம் எல்லாம் அவரிடம் வாடகைக்குக் கிடைக்கும். அக்காவின் கணவர் கல்மாத் அண்ணன் தன் பழைய லாரியில் ஏற்றிவந்து இறக்குவார். பேசமாட்டார். பேச்சு முழுவதும் அக்காவுக்கு ஒதுக்கப்பட்டது என்று அந்த வீட்டில் எப்போதோ முடிவாகிவிட்டது.

கிண்ணம் கொடுப்பதோடு அக்கா நிற்கமாட்டார். இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு பரிமாறவும் இறங்கிவிடுவார். எங்கள் பக்கத்தில் ஆட்டின் எந்தத் துண்டு எந்தத் தட்டுக்குப் போகிறது என்று பார்த்தே உறவைச் சொல்லிவிடலாம். மூத்தவருக்கு இடுப்பெலும்பு. சம்பந்திக்கு வால் கொழுப்பும் ஈரலும். இருபது வருஷத்துக்கு மேல் பரிமாறியதில், பள்ளத்தாக்கில் யார் யாருக்கு மச்சான், யார் யாருக்குச் சகலை என்பதெல்லாம் அக்காவுக்கு மனப்பாடம்.

அவர் ஊர்க் கவுன்சில் தேர்தலில் நின்றது கோபத்தில். அவர் தெருவில் மூன்று குளிர்காலமாக விளக்கு எரியவில்லை. "கேட்டுக் கேட்டு வாய் வலிக்குது. உள்ள போயே கேட்கறேன்" என்றார். பதினொரு கவுன்சிலர்களில் அதிக ஓட்டு அவருக்குத்தான். தலைவராக என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். என் பெயர் இஷெனாலி, தொழில் கால்நடை வைத்தியம். ஆட்டுக்கு ஊசி போடுவதும் கூட்டம் நடத்துவதும் ஒன்றுதான் என்று அப்போது நினைத்திருந்தேன். ஆடு தேவலை.

இரண்டாம் மாதமே மாட்டிக்கொண்டோம். ஊருக்குச் சொந்தமான பழைய கம்பளிக் கிடங்கைக் குத்தகைக்கு விடத் தீர்மானம் வந்தது. அக்கா அன்று வெளியூர் விருந்துக்குக் கிண்ணம் கொண்டுபோயிருந்தார்; ஒருவருக்குக் கொடுக்கலாம் என்றார்கள், இருந்த பத்துப் பேரும் கை தூக்கினோம். குத்தகைக்காரர் கவுன்சிலர் ஷார்ஷெனின் சகலை என்பது நான்கு நாள் கழித்துத்தான் வெளியே வந்தது. என் கூடப்பிறந்தவள் மகனுக்கு அங்கே வேலை பேசியிருந்ததும் கூடவே வெளியே வந்தது. ஊர் ஜனம் அலுவலக முற்றத்தில் கூடிவிட்டது.

"இது கவுன்சிலா, சகலைங்க சங்கமா?" என்று ஒரு பெண் கத்தினாள். அந்தப் பெயர் மாதக்கணக்கில் எங்களை விடவில்லை.

தீர்மானத்தை ரத்து செய்தோம். இனி எந்த விஷயத்திலாவது ஒரு கவுன்சிலருக்கோ அவர் உறவுக்கோ லாப நஷ்டம் இருந்தால் அவர் முன்கூட்டியே எழுந்து சொல்லவேண்டும், பேச்சும் வாக்கெடுப்பும் நடக்கும்போது வெளியே போய்விடவேண்டும் என்று விதி எழுதிக்கொண்டோம். எல்லாருடைய தொழில், நிலம், உறவு அனைத்தையும் குறித்து வைக்க ஒரு பதிவேடும் போட்டோம். அதை யார் வைத்துக்கொள்வது என்று கேட்டதும் பத்துப் பேரும் ஜன்னலைப் பார்த்தோம்.

"கொடுங்க இங்க" என்றார் புர்மாகான் அக்கா.

ஒரு வாரம் பதிவேடு சுற்றி வந்தது. அக்காவைத் தவிர எல்லோரும் ஒரே வார்த்தையைத்தான் எழுதியிருந்தோம்: 'இல்லை.' அடுத்த கூட்டத்தில் அக்கா எல்லாருக்கும் தேநீர் ஊற்றி, ஒரு தாம்பாளம் நிறைய எண்ணெயில் பொரித்த மாவுத் துண்டுகளான போர்சோக்கைக் கொட்டிவிட்டுப் பதிவேட்டைத் திறந்தார்.

"ஷார்ஷென், உனக்கு இந்த ஊர்ல ஒருத்தரும் இல்லன்னு எழுதியிருக்க."

"ஆமாக்கா. அந்தச் சகலைய விட்டா அனாதை மாதிரிதான் வெச்சுக்கோங்க."

"அட பாவமே. போன அறுவடைக்கு அப்புறம் எசெங்குல் வீட்டு விருந்துல வால் கொழுப்பை உன் தட்டுல நான்தானே வெச்சேன்? அனாதைக்கு யாருய்யா வால் கொழுப்பு வெப்பா?"

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஷார்ஷென் நெஞ்சு நிமிர்த்தி நடக்கும் ஆள். வாயில் இருந்த போர்சோக் புரையேறி இருமினான்.

"சம்பந்திதான்க்கா. என் பையனுக்கு அவர் பொண்ண எடுத்திருக்கோம். அதெல்லாம் போய் எழுதணுமா?"

"அதத்தான் எழுதணும். பையன் பிறந்தநாளெல்லாம் எனக்கு வேணாம்." அக்கா என் பக்கம் திரும்பினார். "தலைவரே, உங்க பக்கத்துலயும் 'இல்லை'தான் இருக்கு. மருந்துக் கடை உங்க வீட்டம்மா பேர்லதானே ஓடுது? இல்ல, அது வேற யாரோ இஷெனாலியோட சம்சாரமா?"

எழுதினேன். அன்று சாயங்காலத்துக்குள் பதினான்கு பக்கம் நிரம்பியது. அக்கா தன் பக்கத்தில் கிண்ணம், அண்டா, கூடாரம், லாரி எல்லாவற்றையும் முதலிலேயே எழுதி வைத்திருந்தார்.

வசந்தத்தில் குடிநீர்க் குழாய் வேலை வந்தது. முதலில் மேல் தெருவா, கீழ்த் தெருவா என்பது ஒரு கேள்வி. பள்ளம் தோண்ட யாருடைய பொக்லைனை எடுப்பது என்பது இன்னொன்று. எங்கள் ஊரில் பொக்லைன் வைத்திருந்தவர் ஷார்ஷெனின் சம்பந்தி எசெங்குல். அவரோடு பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேரும் விண்ணப்பித்திருந்தார்கள்.

ஷார்ஷென் எழுந்தான். முகத்தில் ஒரு குறும்பு.

"அக்கா, நான் மேல் தெருவுல இருக்கேன். குழாய் வந்தா எனக்கும் தண்ணி வரும். லாபம்தானே? நான் வெளிய போறேன். இவங்க கீழ்த் தெரு. இவங்களும் வெளிய. பதினொரு பேரும் வெளிய போயிடுவோம். வாசல்ல கட்டியிருக்கற பசு மாடு உள்ள வந்து ஓட்டுப் போடட்டும்."

எனக்கு அவன் சொன்னது சரியென்றே பட்டது. அக்கா மட்டும் ஏற்கனவே யோசித்து வைத்திருந்தது போல நிதானமாகச் சொன்னார்.

"உக்காரு. தாகம் ஊருக்கே பொது. மேல் தெருவுல நூறு வீடு, அதுல உன் வீடு ஒண்ணு. அந்தத் தெருவுக்காகப் பேசத்தான் உன்ன அனுப்பியிருக்காங்க. நல்லாப் பேசு, சண்டை போடு. பொக்லைன் அப்படியா? அது ஒரே ஒரு வீட்டுது. அந்தப் பேச்சு வரும்போது எழுந்து போ."

"வெளிய ஆலங்கட்டி மழை பெய்யுதுக்கா!"

"தொப்பி இருக்குல்ல?"

தெரு விஷயத்தில் ஷார்ஷென் தொண்டை கட்டும்வரை பேசினான். பொக்லைன் விஷயம் வந்ததும் கல்பாக் தொப்பியைக் காதுவரை இழுத்துக்கொண்டு வெளியே போனான். அக்கா அவனுக்கு ஒரு கிண்ணம் தேநீர் கொடுத்தனுப்பினார். உள்ளே மூன்று விண்ணப்பங்களையும் படித்துப் பார்த்தோம். எசெங்குல்தான் குறைவாகக் கேட்டிருந்தார். சீக்கிரம் முடித்துத் தருவதாகவும் எழுதியிருந்தார். அவருக்கே கொடுத்தோம்.

ஷார்ஷெனை உள்ளே கூப்பிட்டுச் சொன்னபோது அவன் நம்பவில்லை. "நான் இல்லாமலா கிடைச்சுது?" என்று இரண்டு தடவை கேட்டான். குழாய் வேலை நடந்த அந்த இரண்டு மாதமும் ஒருவர்கூட அவனைக் குத்திப் பேசவில்லை. சம்பந்தி வீட்டு வாசலில் நாற்காலி போட்டு வேடிக்கை பார்த்தான். அதன் பிறகு விதியைப் பற்றி யாராவது முணுமுணுத்தால் முதல் ஆளாகச் சண்டைக்குப் போனவன் அவன்தான்.

இரண்டு வருஷம் இப்படியே போனது. பிறகு அய்ஜார்கின் ஒரு யோசனை கொண்டுவந்தாள். பள்ளியில் கணக்கு வாத்தியார், எங்கள் பதினொரு பேரில் வயதில் சின்னவள். ஊர்ப் பொதுவில் கிண்ணமும் தட்டும் வாங்கி வைக்கலாம், விருந்துக்கு யாருக்கும் வாடகை இல்லாமல் கொடுக்கலாம் என்றாள். விருந்து வைக்க முடியாமல் மகள் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப்போட்ட கானிம்ஜான் என்ற விதவையின் பெயரையும் சொன்னாள். சொல்லும்போது அவள் புர்மாகான் அக்காவைப் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. விஷயம் அடுத்த கூட்டத்துக்கு வைக்கப்பட்டது.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் நானும் ஷார்ஷெனும் அக்கா வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் அண்டாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நாங்க அந்த விஷயத்த கூட்டப் பட்டியல்லேருந்தே எடுத்துடறோம்" என்றான் ஷார்ஷென்.

அக்கா தேய்ப்பதை நிறுத்தவில்லை. "எந்த வார்த்தை?"

"வேணாம்னு."

"அந்த வார்த்தைய சொல்லத்தான் நாக்கு மூணு நாளா துடிக்குது" என்றார். "கிண்ணம் போனா எனக்குப் பாதிப் பொழப்பு போச்சு. அந்த வாத்தியாரம்மாவ நாலு கேட்கலாம்னு தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தேன். இப்ப நீங்க வந்து இன்னும் கிளப்பாதீங்க. ரொட்டி சுட்டிருக்கேன், எடுத்துக்கிட்டு நடையைக் கட்டுங்க."

சூடான ரொட்டியோடு தெருவில் நின்றோம்.

மறுநாள் அந்த விஷயம் வந்ததும் அக்கா பதிவேட்டைத் திறந்து, தன் பெயருக்கு நேரே தேதி போட்டுக் கையெழுத்திட்டு, எழுந்து வெளியே போனார். அன்று நல்ல வெயில். ஜன்னலுக்குக் கீழே நின்றால் காதில் விழும் என்று முற்றத்தைத் தாண்டி, சாலை ஓரத்து பாப்ளார் மரம்வரை போய் நின்றுகொண்டார். கல்மாத் அண்ணனின் லாரி அங்கே நின்றது. இருவரும் லாரிப் படிமேல் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தது ஜன்னல் வழியாக எனக்குத் தெரிந்தது.

உள்ளே நாங்கள் அரை மணி நேரத்தில் முட்டிக்கொண்டு நின்றோம். எத்தனை கிண்ணம் வேண்டும்? பீங்கானா, எனாமலா? நூறு பேருக்கு எத்தனை தட்டு? ஒருவருக்கும் தெரியவில்லை. அய்ஜார்கின் கணக்குப் போட்டாள். அவள் கணக்கில் விருந்தாளி ஒருவருக்கு ஏழு கிண்ணம் வந்தது.

"இதுல தெரிஞ்ச ஒரே ஆளு மரத்தடியில விதை தின்னுட்டிருக்கு" என்றான் ஷார்ஷென்.

விதியைப் புரட்டினோம். ஊர்க்காரர் யாரையும் அழைத்து விவரம் மட்டும் கேட்டு அனுப்பலாம், எங்கள் பேச்சிலும் வாக்கெடுப்பிலும் அவர் இருக்கக்கூடாது என்று இருந்தது. அக்காவை அழைத்தோம். கவுன்சிலர் நாற்காலியில் உட்காராமல், மனு கொடுக்க வருபவர்கள் நிற்கும் இடத்தில் நின்றார்.

"பீங்கான் வாங்காதீங்க, ஒரு விருந்துக்குப் பத்து உடையும். கெட்டி எனாமலா பாருங்க. ஆளுக்கு ரெண்டு கிண்ணம் போதும், தேநீருக்கு ஒண்ணு, சூப்புக்கு ஒண்ணு. கழுவறதுக்கு ரெண்டு தொட்டி வாங்க மறந்துடாதீங்க. அடுக்கி வெக்க மரப்பெட்டி வேணும், வைக்கோல் போட்டு." மூச்சு விட்டார். "நல்ல யோசனைதான். எனக்குப் பிடிக்கல, ஆனா நல்ல யோசனை."

மறுபடி மரத்தடிக்குப் போய்விட்டார்.

பத்துப் பேரில் எட்டுக் கை உயர்ந்தது. உயராத இரண்டில் ஒன்று என்னுடையது. அவர் நின்ற விதத்தைப் பார்த்தபின் எனக்குக் கை எழவில்லை. முடிவைச் சொல்ல நானே போனேன்.

"யாரு தூக்கல?" என்றார்.

"நானும் ஒருத்தன்க்கா."

"ஏன்? யோசனை தப்பா?"

"இல்லக்கா. உங்க மேல ஒரு பாசம்..."

"அப்ப அதையும் பதிவேட்டுல எழுதிட்டு என்கூட வெளிய வந்து நின்னிருக்கணும்யா!" என்று கத்தினார். கல்மாத் அண்ணனுக்குச் சிரித்ததில் விதை புரையேறியது. அவர் சத்தமாகச் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

அக்கா ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை. எட்டாம் நாள் கிண்ணங்களை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் விருந்து மண்டபம் நடத்தும் ஒருத்திக்கு விற்றார். எங்கள் கவுன்சிலுக்கே விற்கலாமே என்று நான் சொல்ல வாயெடுத்து, அவர் பார்வையைப் பார்த்து மூடிக்கொண்டேன். அண்டாவும் கூடாரமும் அவரிடமே இருந்தன. கிண்ணம் இலவசம் என்றதும் ஊரில் விருந்துகள் கூடின, அண்டாவுக்குக் கிராக்கி வந்தது. போனது முழுவதும் திரும்பி வரவில்லை. முக்கால்வாசி வந்தது என்று கல்மாத் அண்ணன் விரலால் காட்டினார்.

பொதுக் கிண்ணங்களின் பெட்டிச் சாவியை அக்காவே வைத்துக்கொள்ளட்டும் என்று ஊரே கேட்டது.

"நான் கவுன்சிலரா இருக்கற வரைக்கும் அந்தச் சாவி என் கைக்கு வரக்கூடாது" என்றார். "அய்ஜார்கின்கிட்டயும் கூடாது. பள்ளிக்கூடத்துக் காவலாளிகிட்ட குடுங்க. அவருக்குக் கவுன்சில்ல சொந்தம் இல்ல, நான் பாத்துட்டேன்."

அந்தக் கிண்ணங்களில் நடந்த முதல் விருந்து கானிம்ஜான் மகளின் கல்யாணம். அக்கா பழக்கதோஷத்தில் வந்ததும் இடுப்பில் துண்டைக் கட்டினார். கானிம்ஜான் அதை அவிழ்த்து எடுத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துப்போய் மேசையின் நடு இடத்தில் உட்காரவைத்தாள். ஷார்ஷென் பரிமாறினான். அவர் முன்னால் ஒரு தட்டை வைத்து, ஆவி பறக்கும் இறைச்சியை அள்ளிப் போட்டான்.

அக்கா ஒரு துண்டை வாயில் வைத்துவிட்டுக் கண்ணை அகல விரித்தார்.

"அடேய், இத சூடாத் தின்னா இப்படியா இருக்கும்?" என்றார். "எல்லாரும் எழுந்த பிறகு ஆறிப்போனதத்தானே இத்தனை வருஷமா தின்னுட்டிருந்தேன். இன்னும் கொஞ்சம் போடு!"

மூன்று தட்டு சாப்பிட்டார்.