கீழேயும் இறக்காமல் மேலேயும் ஏற்றாமல்

அணுகுண்டுக்கு எதிராக ஒரு சமிதி நடத்துவது என்றால் ஏதோ பெரிய காரியம் என்று நினைப்பீர்கள். முக்கால்வாசி நேரம் போஸ்டருக்குப் பசை காய்ச்சுவதும், வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களைத் திட்டுவதும்தான். பசை எனக்குக் கட்டி தட்டிவிடும். திட்டுவது நன்றாக வரும்.

நான் அதில் சேர்ந்ததே ஒரு வாய்ச்சண்டையில்தான். எண்பதுகளின் தொடக்கம். மட்டாஞ்சேரியில் எங்கள் வீட்டு முன்னறையில் தையல் மிஷின் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஒரு நாள் காலை, கதர் வேட்டி கட்டிய, கல்லூரியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற ஒரு மாஷ், அதாவது வாத்தியார், வந்தார். வெள்ளைத் துணியையும் ஒரு காகிதத்தையும் நீட்டி, காகிதத்தில் உள்ளதைத் துணியில் எழுத்தெழுத்தாக வெட்டித் தைக்க வேண்டும் என்றார். படகுத்துறையில் கட்டப்போகிற பேனராம். பார்த்தால் முழுசாக ஒரு பத்தி மலையாளம்.

"மாஷே, படகுல போறவன் இதைப் படிச்சு முடிக்கறதுக்குள்ள அக்கரை வைப்பின் வந்துரும். அவன் எறங்கிப் போயிட்டே இருப்பான். ரெண்டு வார்த்தை சொல்லுங்க, பெரிசா வெட்டித் தர்றேன்."

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. ஒவ்வொரு வாக்கியமும் ஏன் அவசியம் என்று விளக்கினார். நானும் ஊசியில் நூல் கோத்தபடி விடாமல் பதில் சொன்னேன். கடைசியில் "குண்டு வேண்டாம்" என்று இரண்டே வார்த்தையில் பேனர் தைத்தேன். அடுத்த கூட்டத்தில் என்னை இணைச் செயலாளர் ஆக்கிவிட்டார்கள். எனக்குத் தமிழ் எழுதவும் மலையாளம் வாசிக்கவும் தெரியும், அக்கரையில் பிராட்வே மார்க்கெட்டில் மூட்டை இறக்கும் தமிழ் ஆட்களிடமும் போய்ப் பேசுவேன், அது ஒரு காரணம். பேச விடாமல் இருந்தால் இன்னும் சத்தமாகப் பேசுவேன் என்பது இன்னொரு காரணமாக இருக்கலாம்.

கூட்டம் ஒரு மிளகுக் கிடங்கின் மாடியில் நடக்கும். கிடங்குக்காரர் மாஷின் பழைய மாணவர், வாடகை கேட்கமாட்டார். கூட்டம் முடியும்போது குண்டில் இறந்தவர்களுக்காக ஒரு நிமிஷ மௌனம். கீழே மிளகைச் சலித்துக்கொண்டிருப்பார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் யாராவது ஒருவர் தும்மாமல் இருந்ததே இல்லை. ஒருவர் தும்மினால் வரிசையாக எல்லோரும் தும்முவோம். களமசேரியிலிருந்து வரும் ஃபாக்டரி ஆட்கள் கைக்குட்டையோடு தயாராக நிற்பார்கள். கிழக்கே மலைப்பக்கம் அணு உலை வரப்போகிறது என்று பேச்சு அடிபட்ட வருஷம் அதைப் பற்றியும் அங்கேதான் விடிய விடியச் சண்டை போடாத குறையாக விவாதித்தோம். அந்த நாட்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்த என்னிடம் உலகத்தைப் பற்றி அபிப்பிராயம் கேட்டார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது.

என் வீட்டுக்காரர் ஒரு கூட்டத்துக்கும் வந்ததில்லை. பஜார் தெருவில் சுமட்டு வேலை, அதாவது மூட்டை சுமக்கிற வேலை அவருக்கு. மாலையில் வந்து கால் கழுவும்போதே கேட்பார்: "என்ன, உன் குண்டு எப்படி இருக்கு?"

"சௌக்கியமா இருக்கு. உங்களைத்தான் விசாரிச்சுது" என்பேன்.

அவர் அப்போது பதிலி ஆள். பஜார் தெருவில் யூனியன் பேட்ஜ் உள்ளவர்களுக்குத்தான் வேலை உரிமை. அவர்களில் யாராவது வராத நாளில்தான் பதிலி ஆளைக் கூப்பிடுவார்கள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் தினம் விடிகாலையில் போய்த் தெருமுனையில் நிற்பார். கூப்பிட்டால் வேலை, இல்லாவிட்டால் சாயா குடித்துவிட்டுத் திரும்பி வருவார். திரும்பி வருகிற நாளில் செருப்பைக் கழற்றும் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிடும். அந்த வருஷம் ஒரு வயசாளி வேலையை விட்டுவிட்டார். அவருடைய பேட்ஜ் இவருக்குத்தான் என்று தெருவே பேசியது. ஆகஸ்டு மாதம் ஐந்தாம் தேதி மாலை யூனியன் கூட்டத்தில் முடிவு செய்வதாக இருந்தது.

அதே ஐந்தாம் தேதி காலையில்தான் எங்கள் பெட்டிகள் வந்தன.

மறுநாள் ஹிரோஷிமா நாள். பள்ளிக்கூட ஹாலில் படக் கண்காட்சி வைக்கத் திருச்சூர் சமிதியிலிருந்து கண்ணாடி போட்ட பெரிய படங்களை இரவல் வாங்கியிருந்தோம். மரப்பெட்டிகளில் அடைத்து லாரியில் வந்தன. பஜார் தெருவில் லாரி நின்றது. நான் முதல் நாளே சொன்னேன், வீட்டுக்காரரிடம் சொல்லி ஆட்களை வரச் சொல்கிறேன் என்று. மாஷ் கேட்கவில்லை.

"நம்ம பாரத்தை நாமதான் சுமக்கணும். சமாதானத்துக்காக உழைக்கிறவங்க அடுத்தவன் முதுகுல ஏத்தலாமா?"

கேட்க அழகாக இருந்தது. நானும் மயங்கிவிட்டேன். அந்தத் தெருவின் சட்டம் எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அது அரிசிக்கும் சுக்குக்கும்தானே, படத்துக்குமா என்று நினைத்தேன். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் பெட்டியின் ஒரு முனையை நான் பிடித்தேன், மறுமுனையை மாஷ் பிடித்தார். லாரியின் விளிம்பைத் தாண்டிப் பெட்டி வெளியே வந்திருக்கும், அவ்வளவுதான்.

"ஆ பெட்டி அனக்கல்லே!"

பெட்டியை அசைக்காதே என்கிறார்கள். திரும்பிப் பார்த்தால் நீலச் சட்டையும் தலைத்துண்டுமாகக் கூட்டமே நிற்கிறது. முன்னால் அவர்களுடைய தலைவர். தெரு முழுக்க அவரை இக்கா, அதாவது அண்ணன் என்றுதான் கூப்பிடும். வரிசையின் கடைசியில் என் வீட்டுக்காரர். அன்றைக்கு யாரோ வராததால் இவரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்த அவர் முகத்தில் ரத்தமே இல்லை. இன்று மாலை பேட்ஜ். இவர் பெண்டாட்டி நடுத்தெருவில் யூனியன் வேலையைப் பறித்துக்கொண்டு நிற்கிறாள். பாவி, இவளுக்கு வேறு எந்த நாளும் கிடைக்கவில்லையா என்று அவர் நினைத்திருப்பார். நானும் அதைத்தான் நினைத்தேன்.

"சரி இக்கா, தெரியாம செஞ்சிட்டோம். கீழ வெச்சிடறோம்" என்றேன்.

"கீழ வெச்சா எறக்கு. அது ஞங்கட பணி." கீழே வைப்பது இறக்கும் வேலை, அது எங்களுடையது என்கிறார்.

"அப்ப லாரியிலயே திரும்ப வெச்சிடறோம்."

"மேல வெச்சா ஏத்து. அதும் ஞங்கட பணிதன்னெ."

"பின்ன என்னதான் பண்றது?"

"அங்ஙனே நில்லு சேச்சி. தீர்மானம் ஆகட்டும்."

சத்தியமாக இதுதான் நடந்தது. கீழேயும் இறக்காமல் மேலேயும் ஏற்றாமல், பெட்டியை ஏந்திக்கொண்டு நானும் மாஷும் தெருவில் நின்றோம். மற்ற சமிதிக்காரர்கள் கையைப் பிசைந்தார்கள். மாஷ் அந்த நிலையிலேயே உலக சமாதானத்தைப் பற்றி ஆரம்பித்தார். இக்கா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஷரி மாஷே, ஒரு வாக்கு ஞங்களோட சோதிச்சிருந்தா எந்தா?" என்றார். ஒரு வார்த்தை எங்களிடம் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும் என்கிறார். குண்டு போடுகிறவன் யாரையும் கேட்பதில்லை என்று மேடையில் ஆயிரம் தடவை சொன்னவர் மாஷ்.

மழை பிடித்துக்கொண்டது. கர்க்கடக மழை, நம் ஆடி மாதத்து மழை, கேட்கவா வேண்டும்? பெட்டியின் மேல் சாக்குதான் போர்த்தியிருந்தது. உள்ளே இரவல் படங்கள். மாஷுக்கு மூச்சு வாங்கியது. எனக்கு முழங்கையிலிருந்து விரல் வரை நடுங்கத் தொடங்கிவிட்டது. விட்டுத்தொலைத்தால் கண்ணாடி போகும். அழுதால் மானம் போகும். பல்லைக் கடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தேன், அவரைப் பார்க்கவில்லை.

அவர் வரிசையை விட்டு வந்தது எனக்குத் தெரியாது. தலைத்துண்டை அவிழ்த்து, நாலாக மடித்து, என் தோளில் வைத்தார். பெட்டியை ஒரு விரலால்கூடத் தொடவில்லை.

"இதுல சாய்ச்சுக்கோ. முதுகை நிமித்து."

சாய்த்துக்கொண்டேன். கையிலிருந்த பாரம் பாதி குறைந்தது. பின்னாலிருந்து இக்கா, "டா! வரிசையில போய் நில்லு!" என்று அதட்டினார். இவர் வெறுந்தலையோடு மழையில் நடந்து போய்க் கடைசியில் நின்றுகொண்டார். கூட்டத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். வரிசையில் நின்ற இன்னொரு வயசாளி மட்டும் காறித் துப்பினார்.

இக்கா மழையைத் திட்டினார், எங்களைத் திட்டினார், லாரிக்காரனையும் சேர்த்துத் திட்டினார். பிறகு "எடுக்கடா" என்றார். அதன்பின் என்ன, கண்மூடித் திறப்பதற்குள் எல்லாப் பெட்டியும் பள்ளிக்கூட ஹாலில் இருந்தது. ஒரு கண்ணாடி கீறவில்லை. மாஷ் எல்லோரையும் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். அவர் பெரிய மனுஷர்தான், கேட்கும்போது முழு மனசோடு கேட்டார்.

அன்று மாலை நான் மிஷினில் உட்கார்ந்தேன், ஒரு தையல் நேராக வரவில்லை. அவர் வந்தார். செருப்பைக் கழற்றினார்.

"இல்ல" என்றார்.

அந்த பேட்ஜ் வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. புடவையை உதறிக்கொண்டு எழுந்து, இக்கா வீட்டுக்கே போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று கிளம்பினேன்.

"உக்காரு. சோறு போடு" என்றார்.

"உங்களுக்குச் சோறு எறங்குமா?"

"ஏன் எறங்காது? மீன் வெச்சிருக்கே, வாசனை தெருமுனை வரைக்கும் வருது."

கூட்டத்தில் என்ன கேட்டார்கள் என்றதற்கு, ஒன்றும் கேட்கவில்லை என்றார். வழித்துச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துத் தூங்கியும்விட்டார். நான்தான் புரண்டுகொண்டிருந்தேன்.

கண்காட்சிக்கு நல்ல கூட்டம். மாலையில் வேலை முடிந்து சுமட்டுக்காரர்கள் மொத்தமாக வந்தார்கள். தாங்கள் சுமந்தது என்னவென்று பார்க்க வேண்டாமா! இக்கா ஒரு படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இத்தனை பேரும் ஒரே காலையிலயா?" என்று என்னிடம் கேட்டார். ஆமாம் என்றேன். அவர்மேல் எனக்கு இருந்த கோபம் அப்போதும் போகவில்லை, ஆனாலும் அவருக்கு ஒரு சாயா எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

ஓணம் கழிந்து இக்காவின் மனைவி, மகளின் நிக்காஹுக்கு உடுப்புத் தைக்கக் கொடுக்க வந்தார். இத்தா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். மகளின் தோளுக்கு நான் டேப் பிடித்துக்கொண்டிருந்தபோது, "எங்க வீட்டு ஆளுக்கு உன் வீட்டுக்காரனைப் பத்தித்தான் எப்பவும் பேச்சு" என்றார். எனக்குத் தெரியும் என்று நினைத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அன்றைய யூனியன் கூட்டத்தில், காறித் துப்பிய அந்த வயசாளி பிடிவாதமாக நின்றாராம். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்களாம். இனி என் மனைவியை அந்தச் சமிதிக்கு அனுப்பமாட்டேன் என்று வாக்குக் கொடு, பேட்ஜை வாங்கிக்கொண்டு போ. இவர், "அவ கை நடுங்கிச்சு, துண்டு கொடுத்தேன், அது தப்புன்னா தண்டனை குடுங்க. அந்த வாக்கு மட்டும் முடியாது" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாராம்.

டேப் என் கையிலிருந்து விழுந்துவிட்டது. அந்தப் பெண்ணின் தோளை மறுபடியும் முதலிலிருந்து அளந்தேன்.

அன்று மாலை அவர் சாப்பிட உட்கார்ந்ததும் பிடித்துக்கொண்டேன். பேட்ஜ் எப்படியோ அடுத்த வருஷம் வந்துவிட்டது, இக்காவே வீட்டுக்கு வந்து கூப்பிட்டுக்கொண்டு போனார். ஆனால் அது வரும் என்று அந்த மாலையில் எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. இன்னும் எத்தனை வருஷம் தெருமுனையில் நிற்க வேண்டுமோ என்றுதான் எனக்கு இருந்தது.

"ஒரு வாக்கு. வாயால சொல்ற ஒரு வாக்கு. சொல்லித் தொலைச்சிருந்தா என்ன?"

"சொன்னா காப்பாத்தணுமே. உன்னை நிறுத்த என்னால ஆகுமா?"

"விளையாடாதீங்க. எனக்கு எரியுது. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே விட்டிருப்பேனே!"

"அதுக்குத்தான் சொல்லல" என்றார். மீனில் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "அந்தக் கூட்டத்துக்குப் போயிட்டு வர்ற அன்னிக்கு உன் முகம் நல்லா இருக்கும். நான் வேலை இல்லாம திரும்பி வர்ற நாள்லயும், அதைப் பார்த்தா எனக்குப் பரவால்லன்னு இருக்கும்."

நான் அடுப்புப் பக்கம் திரும்பி நின்றுகொண்டேன்.

"என்ன, சிரிக்கறியா, அழறியா?"

"உங்களுக்கு என்ன வந்துது? பேசாம சாப்பிடுங்க" என்றேன்.