கிழியாத படப்புத்தகம்

அந்தப் புத்தகங்களை வாங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அரியலூருக்கும் ஜெயங்கொண்டத்துக்கும் நடுவில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு வைத்தியம் பார்க்கிறேன். தடுப்பூசி போட வரும் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு படப்புத்தகம் கொடுக்க ஆரம்பித்தோம். ஆடு, மாடு, காக்கா, பஸ். மடியில் உட்கார வைத்துப் படத்தைக் காட்டிப் பேசுங்கள் என்றேன். இதைவிட எளிதான மருந்து எனக்குத் தெரியாது.

மறுமுறை எல்லோரும் புத்தகத்தோடு வந்தார்கள். கொடுத்தது கொடுத்தபடியே இருந்தது. ஒருவர் பாலிதீன் கவரில் போட்டிருந்தார், இன்னொருவர் அட்டை போட்டு லேபிள் ஒட்டியிருந்தார். ஒரு பக்கத்திலாவது எச்சில் கறை இருக்க வேண்டுமே? கிடையாது.

அதில் ஒரு பெண் முந்திரிக் காட்டு வேலைக்குப் போகிறவர். மகனுக்கு இரண்டரை வயது. ‘அம்மா’வைத் தாண்டி ஒரு சொல் வரவில்லை. காதைச் சோதித்தாயிற்று, நன்றாகக் கேட்கிறது. வேலைக்குப் போய் வந்து சோறாக்கிப் போடுவதற்குள் அவனோடு பேச வீட்டில் யாருக்கும் தெம்பில்லை. மற்ற எல்லோரையும்விட அவனுக்குத்தான் அந்தப் புத்தகம் வேண்டியிருந்தது. அதுவோ பீரோவுக்குள் ரேஷன் கார்டோடு இருந்ததாம்.

“ஏம்மா, புள்ள கையில குடுக்கச் சொன்னேன்ல?”

“கிழிச்சுப்புடுவானே டாக்டரம்மா. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல சேக்கையில கேட்டாங்கன்னா?”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. பாதிக் கோபம் என் மேலேயே. முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்தது நான். முன்பு தடுப்பூசி அட்டையைப் பையன் கடித்து வைத்ததற்கு, “இதைக்கூடப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா?” என்று வரிசையில் நின்ற அத்தனை பேர் முன்னாலும் இதே பெண்ணைப் பார்த்துக் கத்தியதும் நான். புத்தகமும் அப்படி ஒரு அட்டை என்று அவர் நினைத்துவிட்டார். வேறு என்ன நினைப்பார்?

மன்னிப்புக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வெளியே கூட்டம் நெரிந்தது, மறுபடியும் கத்தினேன்.

“கிழிக்கட்டும்மா! கிழிச்சாத்தான் எனக்குச் சந்தோஷம்.”

“எனக்குப் படிக்கத் தெரியாதுங்களே.”

“படிக்கவே வேணாம். படத்தைக் காட்டி வாய்க்கு வந்ததைப் பேசு. அடுத்த மாசம் கண்டிப்பா கூட்டிட்டு வா.”

வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. பேச்சுப் பயிற்சிக்காகத் திருச்சிக்கு அனுப்ப நான் எழுதி வைத்த சீட்டு மேஜையிலேயே கிடந்தது. இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம். இதை இவர்களுக்கு எப்படித்தான் புரியவைப்பது என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் புலம்பினேன். கடைசியில் அந்த ஊருக்குப் போகும் நர்ஸை விசாரித்து வரச் சொன்னேன்.

அவர் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தார்.

“பயந்துகிட்டு வரலைங்க மேடம். புத்தகம் சுக்குநூறாயிடுச்சாம். நீங்க ஏதோ பேச்சுக்குச் சொன்னீங்க, நேர்ல பாத்தா திட்டுவீங்கன்னு வூட்டுலயே உக்காந்துருக்கு.”

தலையில் அடித்துக்கொண்டேன். “பையன் எப்படி இருக்கான்?”

“அவனுக்கென்ன! தெருவுல போறவங்களையெல்லாம் நிறுத்தி ‘எங்க போற’ன்னு கேக்குறான். அந்தப் பொண்ணு ஊர் பூராவும் சொல்லிட்டு வந்துருச்சு. உங்ககிட்ட சொல்லத்தான் பயமாம்.”